ஆசை எங்கே போனது என்று மருந்துப் பையைக் கொட்டிப் பார்த்த கதை

திருகோணமலை டவுனில் ஒரு பார்மசியில் பல வருடமாக வேலை செய்கிறேன். எந்த வீதி என்று சொல்ல மாட்டேன். சின்ன ஊர், சொன்னால் நாளைக்கே நாலு பேர் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்று சிரிப்பார்கள். இதை எழுதுவது என் வீட்டுக்காரருக்குத் தெரியும். வாசித்துவிட்டு இரண்டு வரியை வெட்டச் சொன்னார், வெட்டிவிட்டேன். மிச்சமெல்லாம் அவருடைய சம்மதத்தோடுதான்.

பொம்பிளை நிற்கிற பார்மசிக்கு ஆண்கள் எப்படி வருவார்கள் என்று எனக்கு மனப்பாடம். உள்ளே வருவார்கள். என்னைக் கண்டதும் ஒரு கார்ட் பனடோல் வாங்கிக்கொண்டு போவார்கள். வெளியே ஓட்டோவில் சாய்ந்து ஃபோனைத் தடவிக்கொண்டு நிற்பார்கள். எங்கள் கடைப் பெடியன் கவுண்டருக்கு வந்ததும் திரும்பி வந்து, "தம்பி, அந்த நீல மாத்திரை..." என்று இழுப்பார்கள். பெண்கள் வேறு மாதிரி. அவர்கள் என்னிடம்தான் வருவார்கள். "உள்ளுக்கு எரியுது தங்கச்சி, பூசுறதுக்கு ஏதும் தாங்க." அதற்கு மேல் ஒரு சொல் வராது. எத்தனை மாதமாக எரிகிறது, கணவர் கிட்டே வந்தால் மட்டுமா, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டால் முகம் மாறிவிடும். கிரீமை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

இருவரும் வாங்கிக்கொண்டு போவது பல நேரம் தங்கள் பிரச்சினைக்குப் பொருந்தாத மருந்து. காரணம், என்ன பிரச்சினை என்று அவர்களே பிரித்துப் பார்க்கவில்லை. "ஆசை இல்லை", "முடியவில்லை", "பிடிக்கவில்லை" என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறோம். ஆசையே வரவில்லையா? ஆசை வந்தும் உடம்பு ஒத்துழைக்கவில்லையா? உடம்பு ஒத்துழைத்தும் வலிக்கிறதா? இவை வேறு வேறு விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. விறைப்புக்குக் கொடுக்கிற மாத்திரை ஆசையைக் கொண்டுவராது. பூஞ்சைக்குப் பூசுகிற கிரீம் வறட்சிக்கு உதவாது. இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, எங்கள் வீட்டில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

அவருக்கு 51, எனக்கு 47. சீனக்குடாப் பக்கம் ஒரு ஆலையில் அவருக்கு ஷிஃப்ட் வேலை. ஒரு கிழமை பகல், ஒரு கிழமை இரவு. நாற்பது வயதில் சீனி வருத்தம் (நீரிழிவு) வந்தது, பின்னாலேயே பிரஷரும். கொஞ்சம் கொஞ்சமாக ஹோலில் பாய் விரித்துப் படுக்கத் தொடங்கினார். கேட்டால் "வெக்கை" என்பார். வைகாசி, ஆனியில் சூடான கச்சான் காற்று அடிக்கும்போது அது நல்ல சாட்டுத்தான். மாரி மழை கொட்டுகிற மார்கழியிலும் வெக்கை என்றால் யார் நம்புவது? உப்புவெளியில் இருக்கிற என் அக்காவிடம் ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "அவர்ர ஃபோனைப் பார்த்தியா?"

ஃபோனில் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஷிஃப்ட் முடித்து வந்து வாயைப் பிளந்து தூங்குகிற மனிதனுக்கு இன்னொரு குடும்பம் நடத்த நேரம் ஏது?

பேச்சு தொடங்கியது மருந்துப் பையால். கிளினிக்கில் இருந்து கொண்டுவருகிற பையை மாதத்துக்கு ஒரு தடவை பாயில் கொட்டிக் கார்ட் கார்ட்டாக அடுக்கி வைப்பது என் பழக்கம். மெட்போமின், அடெனலோல், ஹைட்ரோகுளோரோதயசைட், இன்னும் இரண்டு. அன்றைக்கு அடுக்கிக்கொண்டே, யாருக்கோ சொல்வதுபோல, "இதில ரெண்டு மருந்து சில ஆம்பிளைகளுக்குப் படுக்கையில பிரச்சினை குடுக்கும் எண்டு பெட்டிக்குள்ள வாற கடதாசியிலயே போட்டிருக்கு" என்றேன். அவர் டிவியில் நியூஸ் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் குறைத்தார்.

"எந்த ரெண்டு?"

இதுதான் இந்த விஷயத்தைப் பற்றி எங்களுக்குள் நடந்த முதல் பேச்சு. எங்களைப் பற்றிக் கதைப்பதைவிட அடெனலோலைப் பற்றிக் கதைப்பது சுகமாக இருந்தது. உங்கள் வீட்டிலும் பேச்சு எடுபடவில்லை என்றால் இப்படித் தொடங்கிப் பாருங்கள். குற்றம் மாத்திரை மேல் விழும்போது மனிதன் வாயைத் திறக்கிறான்.

மாத்திரைகளைப் பற்றியே முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது என் தொழில். பிரஷருக்குக் கொடுக்கும் பழைய மருந்துகளில் அடெனலோல், புரொப்ரனலோல் போன்றவையும், சிறுநீர் போகச் செய்யும் தயசைட் வகையும் சிலருக்கு விறைப்பைக் குறைக்கும். ஸ்பைரொனோலக்டோன் ஆண்களில் ஹோர்மோனைக் குழப்பும், மார்பு வீங்கவும் செய்யும். முடி கொட்டுவதற்கும் புரொஸ்டேட்டுக்கும் போடுகிற ஃபினஸ்டெரைட் சிலருக்கு ஆசையைக் குறைக்கும். மனச்சோர்வுக்குத் தருகிற ஃபுளுஒக்ஸெட்டின், செர்ட்ரலின் ஆகியவை ஆண், பெண் இருவரிலும் ஆசையைக் குறைக்கலாம். உச்சத்தை எட்ட விடாமல் இழுத்தடிப்பது இவற்றின் பிரபலமான பக்கவிளைவு. மனநோய்க்குக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன் புரோலக்டின் என்ற ஹோர்மோனைக் கூட்டிவிடும். அது கூடினால் ஆசை குறையும், பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும், பிள்ளை பெறாமலே பால் சுரக்கும்.

இதை வாசித்துவிட்டு யாரும் நாளைக்கு மருந்தை நிறுத்தக் கூடாது. அடெனலோலைத் திடீரென்று விட்டால் நெஞ்சு வலி வரும், மாரடைப்பு வரைக்கும் போகும். மனச்சோர்வு மருந்தைத் திடீரென்று விட்ட ஒரு பெடியன் தலைச்சுற்றும் அழுகையுமாக எங்கள் கடை வாசலில் வந்து உட்கார்ந்தான். "ஏன் விட்டனீ?" என்றால், கலியாணம் வருகிறதாம். டொக்டரிடம் சொல்லியிருந்தால் அளவை மாற்றியிருப்பார், அல்லது வேறு மருந்துக்கு மாற்றியிருப்பார். அவன் சொல்லவில்லை, டொக்டரும் கேட்கவில்லை.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். முதலில் சனல் பண்ணிய (தனியாரில் காசு கட்டிப் பார்த்த) டொக்டர், "சீனி வருத்தம் எண்டா இப்பிடித்தான்" என்று இரண்டு நிமிடத்தில் ஆளை எழுப்பிவிட்டார். இரண்டாவது டொக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "விடியக்காலமை எழும்பேக்க விறைப்பு இருக்கா?" என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தேன்.

அந்தக் கேள்வியில் நிறைய விஷயம் இருக்கிறது. சுகமாக இருக்கிற ஆணுக்குத் தூக்கத்திலேயே ஒரு இரவில் மூன்று முதல் ஐந்து தடவை விறைப்பு வரும். அது கனவுத் தூக்கத்தோடு சேர்ந்தது, நினைவோடு சம்பந்தமில்லை. விடியற்காலையில் நன்றாக இருந்து, மனைவியிடம் மட்டும் வரவில்லை என்றால் குழாயும் நரம்பும் பெரும்பாலும் சரி. பயம், சண்டை, கடன், மனச்சோர்வு என்று அந்தப் பக்கம் தேடவேண்டும். திடீரென்று ஒரு நாளில் தொடங்கியதும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். காலையிலும் இல்லை, வருடக் கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்தது என்றால் உடம்பைத் தேடவேண்டும். இவருக்கு இரண்டாவது வகை.

சீனி வருத்தம் இரண்டு வழியால் வேலை காட்டுகிறது: நரம்பைக் கெடுக்கும், இரத்தக் குழாயையும் கெடுக்கும். ஆணுறுப்புக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் 1 முதல் 2 மில்லிமீற்றர் அகலம். இதயத்துக் குழாய் 3 முதல் 4 மில்லிமீற்றர். கொழுப்புப் படிந்தால் சின்னக் குழாய்தான் முதலில் அடைபடும். அதனால் விறைப்புக் குறைவது, நெஞ்சு வலி வருவதற்குச் சில வருடம் முன்பே வருகிற எச்சரிக்கையாக இருக்கலாம். டொக்டர் இதைச் சொன்ன பிறகுதான் இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். படுக்கை விஷயம் என்றால் வெட்கம், இதயம் என்றால் எல்லோருக்கும் அக்கறை. ஈசிஜி எடுத்தார்கள், கொலஸ்ட்ரோல் பார்த்தார்கள், மூன்று மாதச் சீனி அளவு என்று சொல்கிற எச்பிஏ1சி பார்த்தார்கள். ஈசிஜி நல்லது. கொலஸ்ட்ரோல் அதிகம். எச்பிஏ1சி 9.4, அதுவும் அதிகம். கிளினிக் நாளுக்கு முதல் இரண்டு நாள் சோற்றைக் குறைத்துச் சீனியை அழகாகக் காட்டுகிற எங்கள் ஊர்ப் பழக்கம் இந்த டெஸ்டில் எடுபடாது.

டெஸ்டொஸ்டெரோன் டெஸ்டும் எழுதினார். இது காலையில், 11 மணிக்கு முன் எடுக்க வேண்டியது. அந்த ஹோர்மோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும், அதுவும் இரவு தூங்கி எழுந்தவருக்கு. இவர் நைட் ஷிஃப்ட் முடித்து, கண் சிவக்க, அப்படியே போய் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். ரிப்போர்ட் குறைவாக வந்ததும் முகம் செத்துவிட்டது. டொக்டர் சிரித்துவிட்டு, பகல் ஷிஃப்ட் கிழமையில் நன்றாகத் தூங்கி எழுந்து திரும்ப எடுக்கச் சொன்னார். குறைவாக வந்தால் எப்படியும் இரண்டாவது தடவை எடுத்துப் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாதாம். இரண்டாவது தடவை சரியாக வந்தது. அந்த முதல் ரிப்போர்ட்டை நம்பி ஹோர்மோன் ஊசி போட்டிருந்தால்? வெளியில் இருந்து டெஸ்டொஸ்டெரோன் போட்டால் உடம்பு தன் சொந்த உற்பத்தியை நிறுத்திவிடும், விந்தணுவும் குறைந்துபோகும். பிள்ளைக்குக் காத்திருக்கிற இளம் ஆண்கள், முக்கியமாக ஜிம்மில் யாரோ சொன்னதைக் கேட்டுப் போடுகிறவர்கள், இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

டொக்டர் அடெனலோலை மெதுவாகக் குறைத்து லொசார்டன் என்ற வேறு பிரஷர் மருந்துக்கு மாற்றினார். தயசைட்டை நிறுத்தினார். சீனிக்கு ஒரு மருந்தைக் கூட்டினார், கொழுப்புக்கு ஒன்று தந்தார். குறட்டையைப் பற்றி என்னிடம் கேட்டார். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் அதுவும் ஆசையைத் தின்னுமாம். நல்ல காலம், இவருடையது வெறும் குறட்டை. சிகரெட் இல்லை. சாராயம் ஞாயிற்றுக்கிழமை உண்டு, இப்போது பாதி. பகல் ஷிஃப்ட் நாட்களில் பின்னேரம் டச்சு பேக் கடற்கரையில் இருந்து கோட்டை வாசல் வரை நடக்கிறார். அங்கே மானுக்குத் தீனி போட்டுக்கொண்டு நிற்பதையும் நடையாகத்தான் கணக்குச் சொல்கிறார்.

அப்புறம் அந்த நீல மாத்திரை. சில்டெனஃபில். 1998 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த மருந்து. முதலில் நெஞ்சு வலிக்கு என்றுதான் ஆராய்ந்தார்கள், அந்த வேலைக்குச் சரிவரவில்லை. இவருக்கும் எழுதிக் கொடுத்தார், குறைந்த அளவில். முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. காரணம் பிறகு விளங்கியது: மாட்டிறைச்சிக் கறியோடு வயிறு முட்டச் சாப்பிட்டு, உடனே மாத்திரையைப் போட்டு, அது தானாக வேலை செய்யும் என்று மல்லாந்து படுத்திருந்தார். கொழுப்புச் சாப்பாடு அந்த மருந்தைத் தாமதப்படுத்தும். கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் முன்னரே போடவேண்டும். தொடுதலும் நெருக்கமும் இல்லாமல் அது வேலையே செய்யாது. ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் கூடாது. முதல் நாள் சரிவரவில்லை என்று பலர் அடுத்த நாளே இரண்டாகப் போடுகிறார்கள், எங்கள் பெடியனிடம் வந்து "பவர் கூடினது இருக்கா?" என்று கேட்பவர்கள் இவர்கள்தான்.

இதில் ஒரு விஷயத்தில் மட்டும் நான் கவுண்டரில் கத்தியிருக்கிறேன். அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஒரு கையில் கிளினிக் கொப்பியும் மறுகையில் காசுமாக வந்து பெடியனிடம் ரகசியமாகக் கேட்டார். கொப்பியில் ஐஎஸ்எம்என் என்று, நைட்ரேட் வகை இதய மருந்தின் பெயர், எழுதியிருந்தது எனக்குத் தலைகீழாகவே தெரிந்தது. "ஐயா, நெஞ்சு வலிக்கு நாக்குக்குக் கீழ வைக்கிற குளிசையும் வச்சிருக்கிறீங்களா?" என்றேன். "ஓம் மகள், பொக்கற்றில இருக்கு." இதயத்துக்குக் கொடுக்கும் நைட்ரேட் வகை மருந்தும் இந்த மாத்திரையும் சேர்ந்தால் பிரஷர் பாதாளத்துக்கு இறங்கி ஆள் போய்விடலாம். அவருக்குக் கொடுக்கவில்லை. கோபித்துக்கொண்டுதான் போனார். இந்த மாத்திரையைப் போட்ட பிறகு நெஞ்சு வலி வந்தால், நாக்குக்குக் கீழே எதையும் வைக்காமல் அம்புலன்ஸுக்கு, 1990க்கு அடியுங்கள். வருகிற ஆட்களிடமும் டொக்டரிடமும் இந்த மாத்திரை போட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். மனைவிக்குத் தெரியாமல் போட்டிருந்தால் அந்த நேரம் பதில் சொல்ல யாரும் இல்லை. அதனால்தான் நான் ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன், "வீட்டில தெரியுமா?"

டொக்டரின் மருந்துத் துண்டு இல்லாமல் இதை விற்பது சட்டப்படி பிழை. ஆனாலும் விற்கிற இடங்கள் இருக்கின்றன. வெட்கம் இருக்கும்வரை அந்த வியாபாரமும் இருக்கும். அதைவிட மோசம், பஸ் ஸ்டாண்ட் பக்கச் சுவர்களில் ஒட்டியிருக்கும் லேகியமும் பவுடரும். "மூலிகை" என்று விற்கிற இப்படியான பொருட்களுக்குள் சில்டெனஃபிலை ரகசியமாகக் கலந்திருப்பது பல நாடுகளில் பரிசோதனையில் பிடிபட்டிருக்கிறது. வாங்குகிறவருக்கு நைட்ரேட் இருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். "நரம்புத் தளர்ச்சி" என்று அந்தச் சுவரொட்டியில் இருப்பது வைத்தியப் புத்தகத்தில் உள்ள ஒரு நோய் அல்ல. கைப்பழக்கத்தால், கனவில் விந்து போனதால் வாழ்க்கை முடிந்தது என்று பயந்து, டொனிக் கேட்டு வருகிற இருபது வயதுப் பெடியன்களைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும். இந்தப் பயம் நம் நாடுகளில் எவ்வளவு பரவலானது என்றால், 1960 இல் இந்திய மனநல மருத்துவர் என்.என். விக் அதற்கே தனியாக 'தாத்' நோய்க்குறி என்று பெயர் வைத்தார். விந்து போவதால் உடம்பு தளராது. தளர்த்துவது பயம்தான், முதலிரவில் கால் வாருவதும் அதுதான்.

இப்போது என் பங்கு. இவருக்கு வழி பிறந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் இருவரும் நினைத்தோம். அவருக்கு உடம்பு கேட்டது, எனக்கு வலித்தது. மணலை வைத்துத் தேய்ப்பதுபோல. நாற்பத்தைந்தில் இருந்தே மாதவிடாய் தாறுமாறு. ஒரு மாதம் வரும், இரண்டு மாதம் வராது. கவுண்டரில் நிற்கும்போது திடீரென்று கழுத்தெல்லாம் வியர்க்கும். தலைமுடி கொட்டியது, எடை கூடியது, எட்டு மணிக்கே படுக்கத் தோன்றியது. ஆசை என்ற ஒன்று என் உடம்பில் எந்த அறையிலும் இல்லை.

பெண் டொக்டர் ஒருவர் பார்த்தார். இரண்டு விஷயம். ஒன்று, மாதவிடாய் நிற்கப்போகிற காலம். ஈஸ்ட்ரோஜன் குறைந்து பிறப்புறுப்பின் தோல் மெலிந்து வறண்டிருந்தது. இரண்டு, தைரொயிட் குறைவு. களைப்பும் எடையும் ஆசையின்மையும் இரண்டிலும் வரும், அதனால் ஒன்றைக் கண்டுபிடித்ததும் மற்றதைத் தேடாமல் விடக் கூடாது என்றார். இரத்தமும் பார்த்தார், மாதவிடாயில் அதிகம் இரத்தம் போகிற பெண்களுக்கு இரத்தச்சோகையாலும் எதிலும் நாட்டம் இருக்காதாம்.

வறட்சிக்கு உள்ளே பூசும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் தந்தார். பூசிய இடத்தில்தான் அது பெரும்பாலும் வேலை செய்யும், இரத்தத்தில் சேருவது மிகக் குறைவு. மார்புப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் தங்கள் புற்றுநோய் டொக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. உடனே பலன் தெரியாது, சில கிழமைகள் வேண்டும். உறவு நேரத்துக்கு நீரில் கரையும் ஜெலி. நம் ஊரில் எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய். ஆனால் கொண்டம் பாவிக்கிறவர்கள் எண்ணெய் வைத்தால் ரப்பர் கிழியும். "எனக்கு இனிப் பிள்ளை வராதுதானே?" என்று கேட்டேன். மாதவிடாய் நின்று, ஐம்பது வயதுக்கு மேல் என்றால் ஒரு வருடம், ஐம்பதுக்குக் கீழ் என்றால் இரண்டு வருடம் போகும்வரை அப்படி நம்ப வேண்டாம் என்றார். தைரொக்ஸின் குளிசை காலையில் வெறும் வயிற்றில், தேத்தண்ணிக்கு அரை மணித்தியாலமாவது முன்னால். எங்கள் ஆட்கள் தேத்தண்ணியோடுதான் அதை விழுங்குகிறார்கள், பிறகு "மருந்து பிடிக்கேல்லை" என்கிறார்கள்.

எனக்கு அதிகம் உதவியது ஒரு மருந்தும் இல்லை, டொக்டர் சொன்ன ஒரு விளக்கம். ஆசை முதலில் வந்து, பிறகு தொடுதல் என்பது எல்லோருக்கும் பொருந்தாதாம். நீண்டகாலம் சேர்ந்து வாழ்கிற பல பெண்களுக்குத் தொடுதலும் நெருக்கமும் முதலில், ஆசை அதற்குப் பின்னால். ரோஸ்மேரி பாசன் என்ற கனேடிய மருத்துவர் 2000 ஆம் ஆண்டளவில் இதை ஒரு கோட்பாடாக வகுத்து எழுதினார். அதுவரை நான் ஆசை தானாக வந்து கதவைத் தட்டவில்லை என்பதையே நோயாக எடுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் இந்த விளக்கத்தை ஆண்கள் தங்களுக்குச் சாதகமாக வளைத்து, "தொடங்கினா ஆசை வந்திடும்" என்று வற்புறுத்தக் கூடாது. விருப்பமில்லாத தொடுதலில் எந்த ஆசையும் வராது, வெறுப்புத்தான் வரும்.

வலிக்கும் என்று ஒரு தடவை உடம்பு கற்றுக்கொண்டால், அடுத்த தடவை தொட்டதுமே இறுகிவிடும். அதை மறக்கவைக்க எங்களுக்குச் சொன்ன முறை, சில கிழமைகளுக்கு உறவே வேண்டாம். முதுகைத் தடவுவது, கட்டிப்பிடித்துக் கிடப்பது, அவ்வளவுதான். 1970 இலேயே அமெரிக்காவில் மாஸ்டர்ஸ், ஜோன்சன் என்ற ஆய்வாளர்கள் சொன்ன முறையாம். இவருக்கு அது கேலியாக இருந்தது. ஆனால் "முடிக்க வேண்டும்" என்ற பாரம் போனதும் மாத்திரை இல்லாமலே சில நாள் அவருக்குச் சரியாக இருந்தது.

இளம் பெண்களுக்கு வேறு காரணங்கள். பால் கொடுக்கிற காலத்தில் புரோலக்டின் கூடி ஈஸ்ட்ரோஜன் குறைவதால், இருபத்தைந்து வயதிலும் என்னைப்போல் வறளும். குழந்தையோடு விழித்திருக்கிற தாயிடம் ஆசையை எதிர்பார்ப்பதே அநியாயம். பிள்ளை தங்காமல் இருக்க மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடும் டெப்போ ஊசியால் ஆசை குறைந்தது என்று சிலர் சொல்கிறார்கள். எல்லோருக்கும் அப்படி இல்லை. சந்தேகம் என்றால் குடும்பநல மிஸ்ஸிடம் (மருத்துவிச்சியிடம்) சொல்லி வேறு முறைக்கு மாறலாம். சீனி வருத்தம் உள்ள பெண்களுக்குப் பூஞ்சைத் தொற்று திரும்பத் திரும்ப வரும். கிரீமை மாற்றிப் பலனில்லை, சீனியை இறக்க வேண்டும். உறவுக்குப் பின் இரத்தம் பட்டால் அதை வறட்சி என்று விட்டுவிடாமல் கட்டாயம் கருப்பை வாயைப் பார்க்க வேண்டும். 1996 முதல் எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) பகுதிகளில் நடக்கும் வெல் வுமன் கிளினிக்கில் 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பிரஷர், சீனி, மார்பு, கருப்பை வாய் எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். நம் பெண்கள் பிள்ளையின் தடுப்பூசிக்குப் போகிற கால் தங்கள் பரிசோதனைக்குப் போகாது.

இன்னொரு வகையைச் சொல்லாமல் விடமுடியாது. கலியாணமாகி இரண்டு வருடம், பிள்ளை இல்லை என்று மாமி அந்தப் பெண்ணைக் கோயில் கோயிலாகவும் டொக்டர் டொக்டராகவும் கூட்டிக்கொண்டு திரிவார். உண்மையில் அந்த இரண்டு பேருக்கும் உறவே நடந்திருக்காது. பயத்தில் பிறப்புறுப்பைச் சுற்றிய தசை தானாக இறுகிக்கொள்ளும். அவள் வேண்டுமென்று செய்வதில்லை. "பொறுத்துக்கொள்" என்று சொன்னால் இன்னும் இறுகும். பொறுமையாகப் படிப்படியாகப் பழக்கும் பயிற்சியால் பெரும்பாலானோருக்குக் குணமாகிறது. ஆனால் யாராவது அவளைத் தனியாக உட்காரவைத்து "நடந்ததா?" என்று கேட்க வேண்டுமே.

வீடும் ஒரு காரணம். தகரக் கூரை, இரண்டு அறை, ஹோலில் மாமி, பக்கத்தில் வளர்ந்த பிள்ளைகள், தாழ்ப்பாள் இல்லாத கதவு. இதில் ஆசை வரவில்லை என்று மாத்திரை தேடுகிறோம். நாங்கள் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டோம். அவ்வளவு சத்தமாக வேலை செய்கிற தச்சனை நான் வாழ்க்கையில் பார்க்கவில்லை, அயலெல்லாம் தெரிந்தது. போட்டதில் வந்த பலன் எந்த ஜெலிக்கும் குறைந்ததல்ல.

மூதூர், கிண்ணியாப் பக்கங்களில் இருந்து வருகிறவர்களிடம் வேறொன்று காண்கிறேன். கணவன் கட்டாரில், அல்லது மனைவி குவைத்தில். இரண்டு வருடம் கழித்து ஒரு மாத லீவு. அந்த ஒரு மாதத்தில் இரண்டு வருடத்தையும் ஈடுகட்டவேண்டும் என்று நினைக்கிறார்கள். வந்த கிழமையே "முடியேல்லை" என்று பெடியனிடம் நிற்பார்கள். அவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் ஒரு கிழமை தூக்கமும் பேச்சும்தான். 2006 இல் மூதூரை விட்டு ஓடியவர்கள், சுனாமியில் பிள்ளையைக் கொடுத்தவர்கள், நுண்கடன்காரர் வாசலில் நிற்கிற வீடுகள் எல்லாம் இந்த ஊரில் உண்டு. தூக்கமில்லாத மனதில் ஆசை கடைசியாகத்தான் வரும். பழைய வன்முறையால் தொடுதலே பயமாகிவிட்ட பெண்களுக்கு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் உதவி கேட்கலாம். இப்போதும் வீட்டில் அடியும் வற்புறுத்தலும் நடக்கிறதென்றால் அது ஆசைக் குறைவு அல்ல, அதற்கு 1938 என்ற பெண்கள் உதவி இலக்கம் இருக்கிறது.

டொக்டருக்கு முன்னால் வாய் வராது என்பவர்களுக்கு நான் கடையில் சொல்லிக்கொடுக்கிற வழி, ஒரு துண்டில் எழுதிக் கொடுப்பது. இப்படி எழுதினால் போதும்: "ஆறு மாதமாக விறைப்பு வருவதில்லை, காலையிலும் இல்லை, ஆசை இருக்கிறது." அல்லது: "பிள்ளை பிறந்த பின் உறவு நேரத்தில் வாசலிலேயே வலிக்கிறது, இரத்தம் இல்லை, டெப்போ ஊசி போடுகிறேன்." எப்போது தொடங்கியது, ஆசையா உடம்பா வலியா, என்னென்ன மருந்து, குடி சிகரெட் உண்டா. கார்ட்டோடு மருந்தையும் கொண்டுபோங்கள். "வெள்ளை, வட்டம்" என்றால் எங்களுக்கே விளங்காது. முடிந்தால் இரண்டு பேரும் போங்கள், ஆனால் சில நிமிடம் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வாசித்துவிட்டு "வயசு போனால் இப்பிடித்தான்" என்று மடித்துத் தருகிற டொக்டரிடம் வாதாடாமல் அடுத்த ஆளைச் சனல் பண்ணுங்கள்.

எங்கள் நிலவரம்: அவருடைய எச்பிஏ1சி 7.6க்கு வந்திருக்கிறது. மாத்திரை சில நாள் தேவைப்படும், சில நாள் இல்லை. சில நாள் இரண்டு பேருக்கும் தூக்கம்தான் முக்கியம். ஐப்பசியில் அவருக்கு அடுத்த கிளினிக், அதே கிழமை எனக்குத் தைரொயிட் டெஸ்ட். இரண்டையும் ஒரே நாளில் வைக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்; முதலாளியிடம் இரண்டு நாள் லீவு வாங்குவதுதான் இப்போது எனக்குப் பெரிய பாடு.